வளவில் ஒரு பிடி கீரை: விலை ஏறும் காலத்தில் வீட்டுத்தோட்டம்

தற்காலிகக் கொட்டிலை விட்டு நிரந்தர வீட்டுக்குப் போகும் நாளை நீங்கள் நீண்ட காலமாக எதிர்பார்த்திருந்தீர்கள். வீட்டுத் திறப்பு கைக்கு வருவது பெரிய ஆறுதல். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறது. மீளக்குடியேறிய குடும்பத்துக்கு உலர் உணவு நிவாரணம் தொடர்ந்து கிடைக்காது. அரிசி, மா, பருப்பு, மரக்கறி எல்லாவற்றையும் இனிச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். 2008ஆம் ஆண்டில் எல்லாப் பொருட்களும் விலை ஏறியிருந்தன.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, மாளிகைக்காடு, நிந்தவூர் பகுதிகளில் வீடு திரும்பும் குடும்பங்களுக்காக இந்தப் பகுதியை எழுதியுள்ளோம். சிறிய வளவில் எதை நடலாம், எப்போது நடலாம், எதில் பணத்தை வீணாக்கக் கூடாது என்பவற்றை இதில் வாசிக்கலாம்.

விலை ஏன் ஏறியது?

2007 கடைசியிலிருந்து இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களில் பல மடங்கானது. மசகு எண்ணெய் ஒரு பீப்பாய் 2008 ஜூலையில் 147 டொலர் வரை போனது. இலங்கையில் ஜூன் மாதத்தில் வாழ்க்கைச் செலவு அதற்கு முந்திய வருட ஜூனை விட ஏறக்குறைய 28 வீதம் கூடியிருந்தது.

நமது கரையோரத்துக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நெல் நமக்குப் பக்கத்திலேயே விளைகிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மீனும் நம் கடலில் கிடைக்கிறது. ஆனால் சந்தையில் குவிந்திருக்கும் கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி எல்லாம் நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்தும் தம்புள்ளைச் சந்தை ஊடாகவும் லொறியில் வருகின்றன. டீசல் விலை ஏறினால் அந்தச் செலவு நமது கறிச்சட்டிக்கு வந்து சேர்கிறது. பாதை மூடப்பட்டால் மரக்கறியே வராது. எனவே வீட்டில் நட வேண்டியது எது என்பதற்கு விடை எளிது: தூரத்திலிருந்து வரும் மரக்கறிக்குப் பதிலாக நம் மண்ணில் வளரக்கூடியது.

இது புதிய யோசனையும் அல்ல. எழுபதுகளில் அரிசிப் பங்கீடு குறைந்து, பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தை உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மரவள்ளியும் வற்றாளையும் பல வீடுகளின் பசியை ஆற்றிய கதையைச் சொல்வார்கள். 2007 ஒக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய ‘அபி வவமு - ரட நகமு’ என்ற உணவு உற்பத்தித் திட்டத்திலும் வீட்டுத்தோட்டம் ஒரு பகுதி.

வீட்டுத்தோட்டம் எதைத் தரும், எதைத் தராது?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஆறு அல்லது பத்துப் பேர்ச் வளவில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய முழு உணவையும் விளைவிக்க முடியாது. அரிசியை வாங்கத்தான் வேண்டும். வீட்டுத்தோட்டத்தை நம்பித் தொழிலை விடவும் கூடாது. தோட்டத்துக்காகக் கடன் வாங்கவும் கூடாது. நகையை அடகு வைக்கவும் கூடாது.

அது தருவது வேறு. தினமும் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போகும் சில்லறைச் செலவை அது நிறுத்தும். கறிவேப்பிலை, கொச்சிக்காய், தேசிக்காய், ஒரு கட்டுக் கீரை, நான்கு வெண்டிக்காய் போன்றவற்றுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. விலை ஏறும்போது குடும்பங்கள் முதலில் குறைப்பது சோற்றை அல்ல, கறியை. சோறும் ஒரு மீன் ஆணமும் இருந்தால் போதும் என்று கீரையை விட்டுவிடுகிறோம். அதனால் வரும் இரத்தச்சோகை கர்ப்பிணித் தாய்மாரையும் சிறு பிள்ளைகளையுமே முதலில் தாக்கும். வளவில் கீரை இருந்தால், கையில் காசு இல்லாத நாளிலும் பிள்ளையின் கோப்பையில் பச்சை இருக்கும்.

உங்கள் வளவு எந்த வகை?

மீளக்குடியேறும் குடும்பங்களின் இடங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. பக்கத்து வீட்டுத் திட்டத்தில் நன்றாக வளர்ந்தது உங்கள் வளவில் வளராமல் போகலாம்.

கடற்கரைப் பக்கத்து மணல் வளவு: 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய நிலம் இது. மணலில் உள்ள உப்பு மழைநீரோடு கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு பல மாரிகள் கடந்துவிட்டதால் பெரும்பாலான மணல் வளவுகளில் மண்ணில் உப்புப் பிரச்சினை குறைந்துவிட்டது. ஆனால் மணலில் தண்ணீரும் தங்காது, பசளையும் தங்காது. ஆகவே இங்கே முதல் வேலை மண்ணுக்கு உணவு சேர்ப்பது.

வயலை நிரப்பிய வளவு: மேற்குப் பக்கமாக வயல் நிலத்தை நிரப்பிக் கட்டிய வீட்டுத் திட்டங்களில் மேல் மண் கிரவலாக இறுகிக் கிடக்கும். மாரியில் தண்ணீர் தேங்கும். தோண்டி நடுவதை விட, முக்கால் அடி உயரத்துக்கு மேடாகப் பாத்தி கட்டி நடுங்கள். ஓரத்துக்குச் செங்கல் துண்டு, தென்னங்குற்றி எதுவும் போதும்.

மாடி வீடு: உங்களுக்கு நிலம் இல்லை, ஆனால் வெயில் உண்டு. வெறும் உரப்பை, பெயின்ட் வாளி, உடைந்த குடம் எல்லாம் தோட்டமாகும். அடியில் துளை இடுங்கள். மணல், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். கிருமிநாசினி இருந்த பாத்திரத்தை மட்டும் ஒருபோதும் பாவிக்காதீர்கள்.

எந்த வளவானாலும், மண்ணைக் கிளறும் முன் கண்ணாடித் துண்டு, ஆணி, தகரம், பொலித்தீன், உடைந்த கூரைத்தகடு ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றுங்கள். செருப்பு இல்லாமல் பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். வெடிபொருள் என்று சந்தேகப்படும் எதையும் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

காணி உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள், எல்லை முடிவாகாதவர்கள் மாமரம், தென்னை போன்றவற்றை இப்போது நட வேண்டாம். கீரை, கொச்சி, வெண்டி நடுங்கள். பழக்கன்றை வாளியில் வைத்து வளர்த்து, எல்லை தெளிவானதும் நிலத்தில் இறக்கலாம்.

உப்பு உண்டா? வீட்டிலேயே பாருங்கள்

இரண்டு யோகட் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் வளவு மண்ணை நிரப்பிக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள். மற்றதில் நன்றாகப் பயிர் வளரும் ஓர் இடத்து மண்ணை நிரப்பி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு விதையுங்கள். பத்து நாளில் இரண்டும் ஒரே அளவாக வளர்ந்தால் பயப்படத் தேவையில்லை. உங்கள் மண்ணில் முளைத்தவை குறைவாக இருந்தால் அல்லது இலை ஓரம் கருகினால் உப்பு இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு மாரி மழை நன்றாகக் கழுவட்டும். அதுவரை பை, வாளிகளில் நடுங்கள். தென்னை உப்பை நன்றாகத் தாங்கும். கொய்யா, மாதுளை ஓரளவு தாங்கும். போஞ்சி, வெங்காயம், கரட் ஆகியவை தாங்கவே தாங்கா.

கிணற்றில் கவனம்

மணல் கரையோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. பாலின் மேல் ஆடை போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டு நீண்ட நேரம் இறைத்தால் மேலே உள்ள நன்னீர் தீர்ந்து, அடியில் உள்ள உப்புநீர் ஏறி வரும். கடல் பெருக்குக்குப் பின் கிணறுகளைச் சுத்தம் செய்வதற்காகத் திரும்பத் திரும்ப இறைத்ததால் சில இடங்களில் உப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. தோட்டத்துக்கு வாளியால் அள்ளி ஊற்றுங்கள். காலையிலும் அஸருக்குப் பிறகும் ஊற்றினால் வெயிலில் வீணாகாது.

வீட்டில் இன்னொரு தண்ணீரும் உண்டு. வுழூச் செய்யும் தண்ணீரில் சவர்க்காரம் இல்லை. ஐந்து வேளையும் ஓடிப்போகும் அந்தத் தண்ணீரை ஒரு சிறு வாய்க்கால் வழியாக வாழையடிக்கோ கங்குன் பாத்திக்கோ விடலாம். குளிக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழை, பப்பாசி, முருங்கைக்கு விடலாம். சம்பல் போட்டுப் பச்சையாகச் சாப்பிடும் வல்லாரைக்கு அதை விட வேண்டாம். மலசலகூடக் குழிக்கு அருகில் கீரை நடவும் வேண்டாம்.

கைத்தறி வேலை நடக்கும் வீடுகள் சாயத் தண்ணீரைத் தோட்டத்துப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு உணவு

பசளை மூட்டை வாங்க வேண்டியதில்லை. நம் பகுதியில் வீணாகும் பொருட்களே போதும். நெல் ஆலைகளில் உமி, வீட்டில் பொச்சும் தும்புச்சோறும், பட்டியில் மாட்டெரு, ஆட்டுப்புழுக்கை, கடற்கரையில் மீன் கழிவு இவை எல்லாம் இங்கே உண்டு.

இரண்டு அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். காய்ந்த இலை ஒரு படை, சமையல் கழிவும் பச்சை இலையும் ஒரு படை, மாட்டெரு ஒரு படை என்று மாறி மாறிப் போட்டு, ஒவ்வொரு முறையும் மெல்லியதாக மண்ணால் மூடுங்கள். பச்சை இலைக்கு வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையை வெட்டுங்கள். ஈரம் காயாமல் பாருங்கள். மழையில் மூடி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனையுள்ள கறுப்புக் கூட்டெரு கிடைக்கும். மீன் கழிவைக் குழியில் போட்டால் நாயும் பூனையும் தோண்டும். அதை மரத்தடியில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள்.

மணல் வளவில் மரம் நடும் குழியின் அடியில், நனைத்த பொச்சை இரண்டு படையாக அடுக்கி அதன் மேல் மண்ணும் எருவும் போடுங்கள். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

எதை நடுவது?

கடையில் விதை வாங்குவதற்கு முன், காசு இல்லாமல் கிடைப்பவற்றிலிருந்து தொடங்குங்கள்.

முருங்கை: மணிக்கட்டுப் பருமனில் மூன்று நான்கு அடிக் கம்பு ஒன்று போதும். சில மாதங்களில் இலை, பிறகு காய். மணலுக்கு ஏற்ற மரம் இது.

கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை: அயல் வீட்டிலிருந்து தண்டோ கொடியோ வாங்கி நடலாம். கங்குன் மூன்று நான்கு வாரத்தில் அறுவடைக்கு வரும். அறுக்க அறுக்கத் துளிர்க்கும்.

மரவள்ளி, வற்றாளை: தண்டும் கொடியும் போதும். வற்றாளை நான்கு மாதமளவில், மரவள்ளி எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு தரும். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, தண்ணீரில் ஊறவைத்து, மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு அப்போதுதான் நீங்கும்.

இவை நின்ற பிறகு விதைக்குச் செல்லலாம். தண்டுக்கீரை 25 முதல் 30 நாளில், வெண்டி 45 முதல் 50 நாளில், பயற்றங்காய் இரண்டு மாதத்துக்குள், கத்தரியும் கொச்சியும் நட்டு இரண்டு இரண்டரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஒரு குடும்பத்துக்கு நான்கு கொச்சிக்கன்று, நான்கு கத்தரிக்கன்று போதும்.

கீரையை முழுவதும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பாயளவில் நான்கு பாத்தி கட்டி, வாரத்துக்கு ஒன்றாக விதையுங்கள். நான்காவது பாத்தியை விதைத்து ஒரு வாரத்தில் முதலாவது அறுவடைக்குத் தயாராகும். பிறகு வாரந்தோறும் கீரை கிடைக்கும்.

பழத்துக்கு, சிறிய வளவில் பப்பாசி, வாழை, தேசி, கொய்யா போதும். பப்பாசியில் ஆண் மரம் காய்க்காது. பூக்கும் வரை எது ஆண் என்றும் தெரியாது. ஆகவே ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூத்த பின் ஆணை வெட்டிவிடுங்கள்.

எப்போது நடுவது?

எங்கள் பணியில் நடந்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். ஒரு முறை விதைப் பொதிகளை ஜூன் மாதத்தில் பகிர்ந்தோம். அதில் கரட், பீற்றூட்டும் இருந்தன. கச்சான் காற்று வீசும் நேரம் அது. முளைத்தவை ஒரு வாரத்தில் வாடின. “எங்கள் கை ராசியில்லை” என்று ஒரு தாய் சொன்னார். கையில் குறை எதுவும் இருக்கவில்லை. காலமும் விதையும்தான் பிழை.

ஒக்டோபர், நவம்பர்: முதல் மழையோடு முருங்கைக் கம்பு, மரவள்ளி, பழக்கன்றுகளை நடுங்கள். மழையே தண்ணீர் ஊற்றும்.

டிசம்பர்: வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுப் பாத்தியில் மட்டும் கீரை. கொச்சி, கத்தரி நாற்றை நிழலில் வளர்த்து வையுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை: மரக்கறிக்கு நல்ல காலம். வெண்டி, பயற்றை, கத்தரி, கொச்சி எல்லாம் இப்போது.

மே முதல் ஓகஸ்ட் வரை: கச்சான் காலம். புதிதாக அதிகம் நடாதீர்கள். இருப்பவற்றுக்கு ஓலை நிழல் கட்டி, அடியில் வைக்கோல் பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுங்கள். கங்குனும் முருங்கையும் இக்காலத்தைக் கடக்க உதவும்.

ஆடு, பூச்சி, நுளம்பு

பயிரைப் பூச்சி தின்பதற்கு முன் ஆடு தின்றுவிடும். வேலிக்குப் பணம் இல்லாவிட்டால் கடற்கரையில் கழித்துவிடும் பழைய வலையைக் கேட்டு வாங்குங்கள். வேலியும் அதுவே, பயற்றை படரும் பந்தலும் அதுவே.

பூச்சிக்கு, வேப்பம் விதையை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடித்து மாலையில் தெளியுங்கள். கீரைக்குக் கடை மருந்து அடிக்க வேண்டாம். பாகற்காயைப் பழ ஈ குத்தாமல் பிஞ்சிலேயே பழைய பத்திரிகைத் தாளால் சுற்றுங்கள்.

வாளி, டயர், சாடித்தட்டு எதிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் சேமிக்கும் பீப்பாயைத் துணியால் இறுக்கமாக மூடுங்கள்.

சமைக்கும்போது

கீரையை நிறையத் தண்ணீரில் அவித்து ஊற்றிவிடாமல், தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டுங்கள். தேங்காயிலுள்ள கொழுப்பு கீரையின் விற்றமின் ஏ-யை உடல் எடுத்துக்கொள்ள உதவும். சிறிது தேசிப்புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேத்தண்ணீர் குடித்தால் அந்தச் சத்து குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

விதையும் அயலும்

நாட்டு வெண்டி, கத்தரி, பயற்றையில் நல்ல செடி ஒன்றை விதைக்கென்று விட்டுவையுங்கள். காய் முற்றிக் காய்ந்ததும் விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் இறுக்கி வையுங்கள். கலப்பின விதை என்று பக்கற்றில் எழுதியிருந்தால் அதன் விதையைச் சேமிக்க வேண்டாம். அடுத்த முறை அதே மாதிரிக் காய்க்காது.

புதிய வீட்டுத் திட்டத்தில் உங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் முன்பு வேறு ஊரில், வேறு குறிச்சியில் இருந்தவராக இருக்கலாம். ஒரு முருங்கைக் கம்பு கேட்டுப் போவது பேச்சுக்கு நல்ல தொடக்கம். உங்களிடம் கறிவேப்பிலையும் அவர்களிடம் தேசியும் இருந்தால் இரண்டு வீட்டுக்கும் இரண்டும் உண்டு. எல்லா வீடும் எல்லாம் நட வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்யக்கூடிய மூன்று வேலைகள்

ஒன்று: வளவைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, கூட்டெருக் குழியை வெட்டுங்கள்.

இரண்டு: இரண்டு கோப்பையில் பயறு விதைத்து மண்ணையும் கிணற்றையும் சோதியுங்கள்.

மூன்று: அயலில் ஒரு கட்டு கங்குன் தண்டு வாங்கி, வுழூத் தண்ணீர் ஓடும் இடத்தில் நடுங்கள்.

இலை சுருளுதல், நோய், நல்ல விதை பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். பாதித்த இலை ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

நான்கு வருடங்களாக அடுத்தவர் அளந்து தந்த உணவை வரிசையில் நின்று வாங்கினீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இனி ஒரு பிடி கீரையாவது உங்கள் வளவில் நீங்களே பறித்ததாக இருக்கட்டும்.